ஏன் என்று கேட்காத வீடு

சின்னவள் அந்தச் சனிக்கிழமை காலை அம்மா வீட்டுக்கு வந்தது கோபித்துக்கொண்டுதான். ஆனால் அது இரண்டே நாள் கோபம். பையில் அவளுக்கு இரண்டு மாற்றுத் துணி, ஆறு வயது மகள் குட்டிக்கு இரண்டு மாற்றுத் துணி, பல் பிரஷ், ஒரு காது பிய்ந்த முயல் பொம்மை, அவ்வளவுதான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் திரும்பிவிட வேண்டும், திங்கட்கிழமை வேலைக்குப் போய் ஒரு பெரியவருக்கு முழுப் பல் செட்டு முடித்துக் கொடுக்க வேண்டும் என்பதெல்லாம் அவள் மனசில் தெளிவாகவே இருந்தது. அந்தப் பையை அன்றைக்கு யாராவது ஒரு ஆள் திறந்து பார்த்திருந்தால் சொல்வதற்குக் கதையே இருந்திருக்காது.

ஆனால் அந்த வீட்டில் வந்தவர்களின் பையை யாரும் திறக்க மாட்டார்கள். ஏன் வந்தாய் என்று கேட்கவும் மாட்டார்கள். அது அங்கே எழுதாத சட்டம். சட்டம் போட்டவள் அம்மா. போட்டதும் நல்ல மனசோடுதான்.

அம்மா தன் புருஷனை விட்டு, இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாக இந்த வீட்டுக்கு வந்தபோது கேட்காத ஆள் இல்லை. பக்கத்து வீட்டுக்காரி கேட்டாள், பேப்பர் போடுகிறவன் கேட்டான், அண்ணன் படித்த பள்ளிக்கூடத்து டீச்சர் கேட்டாள். என்ன காரணம் சொன்னாலும் ‘இதுக்கா வந்தே?’ என்று அடுத்த கேள்வி தயாராக இருந்தது. சொல்லிச் சொல்லிக் கடைசியில் அவளுக்கே அந்தக் காரணம் அற்பமாகத் தெரிய ஆரம்பித்துவிட்டது. வீட்டை வாங்கிய அவளுடைய அம்மாவும் புருஷனை அனுப்பிவிட்டுத் தனியாக இருந்தவள்தான். அவள்கூட விடாமல் கேட்டாள். அன்றைக்கு அம்மா முடிவு செய்தாள். தன் காலத்தில் இந்த வாசலுக்குள் வருகிற யாரையும் ஒரு கேள்வி கேட்கக் கூடாது, கேட்க விடவும் கூடாது.

சொன்னபடியே நடந்தாள். ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கும் சித்தி ஒரு தடவை வந்தாள், கேட்கவில்லை. இன்னொரு கல்யாணம் செய்துகொண்டு போய் இன்னொரு தடவை வந்தாள், அப்போதும் கேட்கவில்லை. வேன் ஓட்டும் அண்ணன் ஒருநாள் தன் வேனோடு வாசலில் வந்து நின்றான். ‘சாப்பிட்டியா?’ என்று மட்டும் கேட்டாள். பின்பக்கத்துச் சின்ன அறையில் எப்போதும் ஒரு கட்டில் இருக்கும், துவைத்து விரித்த விரிப்பு இருக்கும், கம்பியில் காலி ஹேங்கர்கள் தொங்கும். அந்த அறைக்கு அண்ணன் வைத்த பெயர் டெர்மினஸ். எந்த பஸ்ஸில் ஏறினாலும் நம்ம ஆட்கள் கடைசியில் இங்கேதான் இறங்கணும் என்பான். சொல்லிவிட்டு அவனே சிரிப்பான், சித்தியும் கூடச் சேர்ந்து சிரிப்பாள்.

அம்மா கதவைத் திறந்தாள். பையைப் பார்த்தாள், மகள் முகத்தைப் பார்த்தாள். “வா” என்றாள். பையைத் தானே வாங்கிக்கொண்டுபோய் டெர்மினஸில் வைத்தாள். குட்டியிடம், “பால் குடிக்கிறியாடா செல்லம்?” என்றாள்.

பஸ்ஸில் வரும் வழியெல்லாம் சின்னவள் ஒரு பேச்சைத் தயார் செய்து வைத்திருந்தாள். ‘என்னடி ஆச்சு?’ என்று அம்மா கேட்பாள், ஆத்திரம் தீரக் கொட்டிவிடலாம், கொட்டினால் பாதி குறைந்துவிடும் என்று நினைத்திருந்தாள். இந்த வீட்டில் வளர்ந்தவளுக்கு இப்படித் தோன்றியிருக்கவே கூடாது. கோபத்தில் இருக்கிறவர்களுக்குச் சொந்த வீட்டு லட்சணம்கூட மறந்துபோகிறது. தயார் செய்த பேச்சு தொண்டையிலேயே நின்றுவிட்டது.

நடந்தது பெரிய விஷயமும் இல்லை, சின்ன விஷயமும் இல்லை. அவள் புருஷன் லிஃப்ட் மெக்கானிக். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கூட வேலை பார்க்கிறவர்களைச் சாப்பிடக் கூட்டி வந்திருந்தான். அதில் ஒருவனுடைய தங்கை புருஷனை விட்டு வந்துவிட்டாளாம். நல்ல வக்கீல் யாரையாவது தெரியுமா என்று கேட்டான். மெக்கானிக் வாயில் சோற்றை வைத்துக்கொண்டே சொன்னான். “எங்க மாமியார் வீட்ல கேளு. அவங்களுக்கு அது குடும்பத் தொழில். மாமியார் முடிச்சாச்சு, சித்தி ரெண்டு ரவுண்டு, மச்சானும் முடிச்சாச்சு. இவ ஒருத்திதான் பாக்கி.”

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள், சிரித்துக்கொண்டே பரிமாறினாள், எல்லோரும் போன பிறகு பாத்திரங்களை எல்லாம் துலக்கிக் கவிழ்த்தாள். “மூஞ்சி ஏன் ஒரு மாதிரி இருக்கு?” என்று அவன் கேட்கவும் செய்தான். “ஒண்ணுமில்ல” என்றாள். அவன் சரி என்று போய்ப் படுத்துவிட்டான்.

அவனைச் சொல்லியும் குற்றமில்லை. அவன் வளர்ந்த வீட்டில் ஒரே நேரத்தில் ஏழு பேர் கத்துவார்கள். ஒரு தடவை அவன் அம்மா அவன் அப்பாவின் மேல் தட்டை வீசினாள். அவர் குனிந்து அதே தட்டை எடுத்து, அதிலேயே சோறு போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். அங்கே மனசில் ஒன்று இருந்தால் தெருவுக்கே தெரிந்துவிடும். ஒண்ணுமில்லை என்று ஒருவர் சொன்னால் நிஜமாகவே ஒன்றும் இல்லை.

சனிக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டு, சின்னவள் டெர்மினஸ் கட்டிலில் படுத்தாள். முந்தின நாள் பொட்டுத் தூக்கமில்லை. விரிப்பில் சோப்பு வாசனை அடித்தது. அம்மா வந்து கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டுப் போனாள். இப்படிச் சத்தம் போடாமல் பார்த்துக்கொள்ளும் ஒரு ஆள் இருப்பது சுகமாகத்தான் இருந்தது. சாயங்காலம் எழுந்து அம்மாவிடம் தானாகவே சொல்லிவிடலாம் என்று நினைத்தபடியே அடித்துப் போட்டதுபோலத் தூங்கிவிட்டாள்.

அவள் தூங்கிக்கொண்டிருக்கும்போது அந்த வீடு வேலை செய்தது. அம்மா சித்திக்குப் போன் செய்தாள், சித்தி வார்டில் பாதி நாள் லீவு சொன்னாள், அண்ணன் ஒரு சவாரியை வேண்டாம் என்று சொல்லிவிட்டு வேனைக் கழுவிக் காலி செய்தான். யாரும் யாருக்கும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. எத்தனையோ தடவை செய்து பழகிய வேலை. சாமானை முதல் நாளே எடுத்துவிட வேண்டும், இரண்டாம் நாள் பூட்டு மாறிவிடும் என்பது அந்தக் குடும்பத்தில் எல்லோரும் பட்டுத் தெரிந்துகொண்டது.

முதலில் பட்டவள் அம்மா. புருஷன் வீட்டை விட்டு வந்த மறுவாரம் சாமான் எடுக்கப் போனாள். பூட்டு மாறியிருந்தது. வராந்தாவில் அவர்களாகப் பார்த்து எடுத்து வைத்ததைத்தான் கொண்டுவர முடிந்தது. குக்கர் வந்தது, மூடி வரவில்லை. மூடி நாங்கள் வாங்கியது என்று சொல்லிவிட்டார்கள். மூடியை மட்டும் எந்தக் கடையில் வாங்கினீர்கள் என்று கேட்க அப்போது அம்மாவுக்குத் தெம்பில்லை. அந்த மூடியில்லாத குக்கர் இன்னமும் அடுப்படியில் இருக்கிறது, வெங்காயம் போட்டு வைக்க.

அதனால்தான் சின்னவளுக்குக் கல்யாணம் நிச்சயமானதும், புது வீட்டுக்கு வாங்கிய சாமான்களை எல்லாம் தரையில் பரப்பி, அம்மா ஒரு சிவப்பு நெயில் பாலிஷ் பாட்டிலோடு உட்கார்ந்தாள். ஒவ்வொன்றையும் கவிழ்த்து, அடியில் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் ஒரு புள்ளி. டம்ளரின் அடியில், நாற்காலிக் காலில், மேசையின் உள்பக்கம். “உன்னோடது எதுன்னு உனக்குத் தெரியணும். அவ்வளவுதான்” என்றாள். மகளும் கூட உட்கார்ந்து புள்ளி வைத்தாள். வெயில் ஜன்னல் வழியாக வந்தது, இரண்டு பேரும் ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள், நல்ல நாளாகத்தான் அது இருந்தது. பாட்டில் சாமான்களோடு சாமானாக அவளுடன் புது வீட்டுக்குப் போனது. அதன்பிறகு புதிதாக ஒரு வாணலி வாங்கினாலும் அவள் கை தானாக அதைக் கவிழ்த்துப் புள்ளி வைத்தது. அவளுக்கு வேலையும் அப்படி அமைந்தது. செயற்கைப் பல் செய்யும் லேபில் பிளாஸ்டர் அச்சு ஒவ்வொன்றின் அடியிலும் யாருடைய வாய் என்று குறி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒருவர் பல் இன்னொருவருக்குப் போய்விடும். குறி வைத்த கை வீட்டிலும் அதையே செய்தது. பிரிந்து போவதைப் பற்றி ஒரு நாளும் அவள் நினைத்ததில்லை.

சாயங்காலம் அவளை எழுப்பியது தன்னுடைய மேசையின் சத்தம். அதற்கு ஒரு கால் ஆடும், இழுத்தால் ஒரு மாதிரி முனகும். அரைத் தூக்கத்தில், தன் வீட்டில்தான் இருக்கிறோம், அவன் மேசையை நகர்த்துகிறான் என்று நினைத்தாள். எழுந்து கதவைத் திறந்தால் நடை முழுக்க அவள் வீடு இருந்தது. கட்டில், நாற்காலிகள், மின்விசிறி, பாத்திரங்கள் நிறைந்த அட்டைப்பெட்டிகள், குட்டியின் சின்னக் கட்டில். அண்ணன் வியர்வையைத் துடைத்துக்கொண்டு நின்றான். சித்தி யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். குட்டி ஒவ்வொரு சாமானாகக் கவிழ்த்துப் பார்த்து, “மாமா, இதுலயும் புள்ளி இருக்கு” என்று விளையாடிக்கொண்டிருந்தாள். அண்ணன்தான் அவளுக்கு அந்த விளையாட்டைச் சொல்லிக் கொடுத்திருந்தான்.

“ஒரு சாமான் விடல” என்றான் அண்ணன். அவன் முகத்தில் பெருமை இருந்தது. “புள்ளி பாத்துப் பாத்து எடுத்தோம். அவரோடது ஒரு ஸ்பூன்கூட வரல.”

சின்னவள் மேசையைப் பார்த்தபடி கேட்டாள். “அவர் என்ன சொன்னாரு?”

“ஒண்ணும் சொல்லல. கதவைத் திறந்துவிட்டுட்டு ஓரமா நின்னாரு. எதை எடுக்கிறோம்னு அவருக்குச் சந்தேகம் வந்துடக் கூடாதுல்ல, அதான் மேசையைக் கவுத்துப் புள்ளியைக் காட்டினேன். கொஞ்ச நேரம் அதையே பாத்தாரு. அப்புறம் ஒரு கிண்ணத்தை எடுத்துக் கவுத்துப் பாத்தாரு. அதுக்கப்புறம் அவரே எல்லாத்தையும் கவுத்துக் கவுத்துப் பாத்து எடுத்துக் குடுத்தாரு. தகராறே பண்ணல. அந்த விதத்துல நல்ல மனுஷன்தான்.”

இந்த இடத்தில் அவளைத் தோளைப் பிடித்து உலுக்க வேண்டும்போல யாருக்கும் இருக்கும். ‘எதுக்குப் போனீங்க, உங்களை யாரு போகச் சொன்னா, நான் ரெண்டு நாளுக்குத்தானே வந்தேன்’ என்று ஒரு கத்துக் கத்தியிருந்தால், அண்ணன் திட்டிக்கொண்டே சாமான்களைத் திரும்ப ஏற்றியிருப்பான், விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். அவள் கத்தவில்லை. இரண்டு நாளுக்குத்தான் வந்தேன் என்றால் எதற்கு வந்தாய் என்பதையும் சொல்ல வேண்டும். எதற்கு வந்தாள்? நம் குடும்பத்துக்கு விவாகரத்துதான் தொழில் என்று அவன் சொன்னதற்காக வந்தாள். அந்தத் தொழிலைத்தான் எல்லோரும் இவ்வளவு பாசமாக, வியர்வை சொட்டச் சொட்டச் செய்து முடித்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். அவர்களிடம் அந்த வார்த்தையை எப்படிச் சொல்வாள்? அம்மா அந்த மேசையைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“டீ போடட்டுமா?” என்றாள் சின்னவள்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் கூப்பிடவில்லை. அவன் கூப்பிட்டுச் சத்தம் போட்டால் போதும் என்று இருந்தது, ஆனால் அவன் வீட்டுக் கத்தல் எல்லாம் அந்தப் புள்ளிகளோடு போய்விட்டதோ என்னவோ.

திங்கட்கிழமை லேபில் வேலை ஓடவில்லை. பெரியவருடைய பல் செட்டை, மேல்தாடையும் கீழ்த்தாடையும் கடித்துப் பார்க்கும் கருவியில் மாட்டித் திறந்து திறந்து மூடினாள். ஒரு பக்கம் இடித்தது. தேய்த்தாள், மறுபக்கம் இடைவெளி விழுந்தது. முதலாளியம்மா வந்து பார்த்துவிட்டு, “உன் கையில வேலை ஓடல இன்னிக்கு. போயிட்டு வா” என்றாள். வெளியே வந்தவள் பஸ் பிடித்து, அவன் வேலை செய்துகொண்டிருந்த கட்டடத்துக்கே போனாள். அதுவரைக்கும் அந்தக் குடும்பத்தில் யாரும் செய்யாத காரியம் அது. அந்தப் பெருமையை அவளுக்குக் கொடுத்துவிட வேண்டும்.

எட்டு மாடி ஆபீஸ். கீழ்த்தளத்தில் லிஃப்ட் கதவைத் திறந்து வைத்து, பழுது என்று பலகை மாட்டியிருந்தது. அவன் குழிக்குள் நின்றுகொண்டு மேலே கம்பிக் கயிறுகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் ஏறி வந்தான். கையெல்லாம் கிரீஸ்.

“குட்டி எப்படி இருக்கா?”

“நல்லா இருக்கா.”

ஒரு பழைய துணியை எடுத்து விரல் விரலாகத் துடைத்தான். துடைத்து முடித்த விரலையே மறுபடி துடைத்தான். “அந்தப் புள்ளிய எப்ப வச்சே?”

“கல்யாணத்துக்கு முன்னாடி. அம்மாவும் நானும்.”

“அது சரி. போன மாசம் வாங்கின வாணலியிலயும் இருந்துச்சே.”

“அது பழக்கம்.”

“பழக்கம்.” அவன் தலையை ஆட்டினான். குரல் உயரவே இல்லை, அதுதான் அவளைப் பயமுறுத்தியது. “குட்டியோட கட்டிலைக் கவுத்துப் பாத்தேன். அதுலயும் இருக்கு. அது கடையில வாங்கினது இல்ல. நான் பண்ணினது. ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் உக்காந்து இந்தக் கையால பண்ணினேன், நீ பக்கத்துல உக்காந்து பாத்துட்டிருந்தே. அதுக்கும் அடியில புள்ளி வச்சிருக்க. எட்டு வருஷமா நான் ஒரு வீட்டுல இருந்திருக்கேன், நீ மூட்டை கட்டிட்டே இருந்திருக்க.”

“அப்படி இல்ல.”

“பின்ன எப்படி? சொல்லு. ஏன் போனே?”

இரண்டு நாளாக அவள் காது ஏங்கிக் கிடந்த கேள்வி. அம்மா கேட்கவில்லை, அண்ணன் கேட்கவில்லை, சித்தி கேட்கவில்லை. இவன் கேட்டுவிட்டான். நீங்கள் என்னைப் பார்த்து ‘இவ ஒருத்திதான் பாக்கி’ என்று சொன்னீர்கள், எனக்கு அது தாங்கவில்லை, எனக்கு உள்ளுக்குள் இருக்கிற பயமே அதுதான், அதை எடுத்து நாலு பேர் முன்னால் சோற்றோடு பரிமாறிவிட்டீர்கள். பஸ்ஸில் தயார் செய்த பேச்சு முழுசாக அவளிடம் இருந்தது. வாயைத் திறந்தாள். அந்த வாயைக் கேள்வியே இல்லாத வீட்டில் வளர்த்திருந்தார்கள்.

“ஒண்ணுமில்ல” என்றாள்.

படிக்கட்டில் இறங்கி வந்த யாரோ ஒருவர் மூச்சு வாங்கிக்கொண்டு, “எப்பப்பா ரெடியாகும்?” என்று கேட்டார். “ஆயிடும் சார்” என்றான். அவர் போனதும் அவளைப் பார்த்தான். இன்னொரு தடவை கேள், இன்னும் ஒரே ஒரு தடவை கேள், சொல்லிவிடுகிறேன் என்று அவள் கண் கெஞ்சியது. அவனுக்கு அந்தப் பாஷை தெரியாது. அவனைப் பொறுத்தவரை கேட்டாகிவிட்டது, பதிலும் வந்துவிட்டது.

“சரி” என்றான். குழிக்குள் இறங்கிவிட்டான்.

அதற்குப் பிறகு ஒரு சந்தர்ப்பம்தான் வந்தது. அதுவும் தானாக வாசலுக்கே வந்தது. அவனுடைய அம்மா, தட்டு வீசிய அதே அம்மா, ஒரு மாலையில் கேட்டைப் பிடித்து ஆட்டிக்கொண்டு நின்றாள். தெருவில் இரண்டு ஜன்னல்கள் திறந்தன.

“ஏன்டி போனே? வாயைத் தொறந்து சொல்லித் தொலையேன். என் புள்ள கைய நீட்டினானா? வேற எவளோடயாவது சுத்துறானா? சொல்லு, நானே செருப்பால அடிச்சு இழுத்துட்டு வர்றேன். இப்படி ஊமையா இருந்தா எப்படிடி?”

சின்னவள் உள்ளே கதவுக்குப் பின்னால் நின்றாள். அந்தக் கிழவியின் வசவு அவளுக்கு அமிர்தமாக இருந்தது. ஓடிப்போய் அவள் தோளில் சாய்ந்து அழுதால் எல்லாம் வெளியே வந்துவிடும் என்று தெரிந்தது. கை தாழ்ப்பாளுக்குப் போனது. அந்தக் கையின் மேல் அம்மாவின் கை வந்தது.

“நீ போக வேணாம்” என்றாள் அம்மா. அவள் கண் கலங்கியிருந்தது. பல வருஷத்துக்கு முன்னால் தன்னைச் சுற்றி நின்று கேட்டவர்கள் எல்லோரும் அவளுக்கு அந்தக் கேட்டில் நின்றார்கள். “நான் பட்டதை நீ பட வேணாம். உன்னை ஒருத்தரும் கேள்வி கேக்க விடமாட்டேன்.”

அவளே வெளியே போய், “எங்க வீட்ல இப்படிக் கத்தி எல்லாம் பேச மாட்டோம்” என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுக் கேட்டைப் பூட்டினாள். சம்பந்தி இன்னும் கொஞ்ச நேரம் கத்தினாள், பிறகு கேட்டிலேயே தலையை முட்டுக்கொடுத்து அழுதாள், பிறகு போய்விட்டாள்.

மீதி எல்லாம் எண்ணெய் போட்ட சக்கரம்தான். வக்கீலம்மா டீ குடிக்க வந்தாள். அம்மாவின் கேஸில் ஜூனியராக ஆரம்பித்து, சித்தியின் இரண்டையும் அண்ணனுடையதையும் முடித்துக் கொடுத்தவள். எல்லோருக்கும் குடும்ப டாக்டர் இருக்கிற மாதிரி அவர்களுக்கு அவள். சர்க்கரை டப்பா எந்தத் தட்டில் இருக்கிறது என்று கேட்காமலே எடுத்துப் போட்டுக்கொள்வாள். “மனசுக்குப் பிடிக்கலைன்னு போட்டுக்கலாம். காரணம் தோண்ட வேண்டியதில்லை” என்றாள். மெக்கானிக்கும் மறுப்புச் சொல்லவில்லை. வார நாட்களில் குட்டி இங்கே, சனி ஞாயிறு அங்கே என்று முடிவானது.

கடைசிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வரும்போது அண்ணன் வேன் ஓட்டினான், அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். சிக்னலில் நின்றபோது, முன்னால் நின்ற லாரியின் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டே அவன் சாதாரணமாகச் சொன்னான்.

“நான் அன்னிக்கு வந்தது ரெண்டு நாளுக்குத்தான் தெரியுமா?”

“என்னைக்கு?”

“டெர்மினஸுக்கு வந்தேனே, அன்னிக்கு. அவகூட ஒரு சின்னச் சண்டை. டயர் மாத்துற காசுல அவளோட தம்பிக்கு போன் வாங்கிக் குடுத்துட்டா. ரெண்டு நாள் அலைய விட்டுட்டுப் போலாம்னு வந்தேன்.”

“அப்புறம் ஏன் சொல்லல?”

அண்ணன் அவளைத் திரும்பிப் பார்த்தான். இத்தனை நாள் சிரித்துச் சிரித்தே மறைத்து வைத்த முகம் அது. “யாரு கேட்டா?” என்றான்.

நானும் அப்படித்தான் வந்தேன் என்று சொல்ல வாயெடுத்தாள். சிக்னல் விழுந்தது, பின்னால் ஹாரன் அடித்தார்கள், அவன் கியரைப் போட்டான்.

அதற்கும் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். குட்டியை அவன் கேட்டில் விட்டுவிட்டுப் போயிருந்தான். மழை பெய்து தெரு சேறாக இருந்தது. சின்னவள் குளியலறையில் முக்காலியில் உட்கார்ந்து, மகளின் காலை மடியில் வைத்து வெந்நீர் விட்டுக் கழுவினாள். வலது உள்ளங்காலில் குதிகாலுக்குப் பக்கத்தில் சிவப்பாக ஏதோ இருந்தது. முள் கிழித்த ரத்தம் என்று பதறித் தேய்த்தாள். போகவில்லை.

“என்னடா இது?”

“நெயில் பாலிஷ்.”

இடது காலை எடுத்துப் பார்த்தாள். அதில் ஒன்றும் இல்லை.

“இது உன்னோட கால்” என்றாள் குட்டி, புள்ளி இருந்த காலை ஆட்டிக் காட்டி. “அது அப்பாவோடது.”

“யாரு சொல்லிக் குடுத்தா?”

“யாரும் சொல்லல. நானேதான் வச்சேன். மாமா வேன் எடுத்துட்டு வந்தா தெரியணும்ல.”

சின்னவள் கையில் இருந்த குவளை அப்படியே நின்றது. அழுகை முட்டிக்கொண்டு வந்தது, அடக்கிக்கொண்டாள். தான் அழுதால் குழந்தை தப்பு செய்துவிட்டதாக நினைத்துக்கொள்ளும். குரலைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு, “மாமா உன்னை எதுக்குடா எடுத்துட்டுப் போகப் போறாரு? உனக்கு ஏன் அப்படித் தோணுச்சு?” என்று கேட்டாள்.

குட்டி தண்ணீரைப் பார்த்தாள். “ஒண்ணுமில்ல” என்றாள்.

அதே குரல். லிஃப்ட் குழியின் ஓரத்தில் நின்று தான் சொன்ன அதே குரல் இந்தக் குழந்தையின் வாயிலிருந்து வந்தது. அவன் அன்றைக்கு இந்த இடத்தில்தான் விட்டுவிட்டுப் போனான். தான் விடக் கூடாது. மகளின் முகவாயைத் தொட்டுத் தன் பக்கம் திருப்பி, அந்த வீட்டில் யாரும் யாரையும் கேட்காததை அவள் கேட்டாள். இரண்டாவது தடவை கேட்டாள்.

“ஏதோ இருக்கு. அம்மாகிட்ட சொல்லு. ஏன் வச்சே?”

குட்டியின் உதடு லேசாகத் துடித்தது. ஏதோ ஒன்று அங்கே வந்து நின்றது, வெளியே வந்துவிடும்போல இருந்தது.

“விடுடி” என்று அடுப்படியிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. வெங்காயம் நறுக்கும் சத்தம் நின்றிருந்தது. “குழந்தையப் போட்டு ஏன் கொடையுற? அதுவே ரெண்டு வீட்டுக்கும் நடுவுல அல்லாடுது. ஒண்ணும் கேக்காத. நீ வாடா செல்லம், பால் ஆறுது.”

குட்டி சின்னவளைப் பார்த்தாள், அடுப்படிப் பக்கம் பார்த்தாள். துடித்த உதடு மெல்ல அடங்கியது. மடியிலிருந்து காலை இழுத்துக்கொண்டு, ஈரத்தைத் துடைக்காமலே சாக்ஸை எடுத்து, புள்ளி வைத்த காலில் முதலில் மாட்டினாள்.